ரெஜிஸ்டர் மட்டும்தான், கல்யாணம் ஆகல

பாரத்தை எப்படி நிரப்புவது, நில அலுவலகத்தில் எந்தக் கவுண்டருக்குப் போவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு இப்போது கணினி இருக்கிறது. கணினி கெட்டுப்போனால் அதைத் திட்டுவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் நம் வக்கீல் ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க ரோசி அக்கா" என்று கேட்டார்கள். ஜெயித்த கேசுகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அப்படி நிறைய இருக்கிறது, எனக்குப் பெருமை பேசவும் பிடிக்கும். ஆனால் சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்டி கையிலேயே நின்றுபோவது ஒரே ஒரு கேசை நினைத்துத்தான். அதுவும் ஜெயித்த கேஸ்தான். அதை எழுதுகிறேன்.

ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, ஒரு வீடோ ஒரு துண்டு நிலமோ விட்டுப் போனால், ஹைகோர்ட் வரை போக வேண்டியதில்லை. நில அலுவலகத்திலேயே பெயர் மாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் நாம் புசாக்கா கேஸ் என்கிறோம். சின்ன அறை, ஒரு மேசை, ஒரு அதிகாரி. சம்பந்தப்பட்டவர்கள் எதிரே உட்கார வேண்டும். கறுப்புக் கோட்டு இல்லை, கூண்டு இல்லை. சுலபமான வேலை என்று நினைத்துத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். சுலபமாவது, மண்ணாவது! கோர்ட்டில் வக்கீல் பேசுவார், நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இங்கே அவரவர் வாயால் அவரவர்தான் சொல்ல வேண்டும்.

லெட்சுமி கிளாங்கிலிருந்து வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. தாலி கழற்றி அதிக நாள் ஆகவில்லை என்பது, பேசும்போது கை அடிக்கடி அங்கே போய்த் தேடியதில் தெரிந்தது. புருஷன் மாணிக்கம் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. விட்டுப் போனது கிளாங்கில் ஒரு மலிவு விலை வீடு. இரண்டு அறை, முன்னால் லெட்சுமி காலையில் நாசி லெமாக்கும் தோசையும் விற்கும் ஒரு மேசை. வீட்டுப் பத்திரம், அதாவது கிராண்ட், மாணிக்கத்தின் பெயரில் மட்டும் இருந்தது.

வழக்கம்போல எல்லா நகல்களையும் கேட்டேன். மரணச் சான்றிதழ் இருந்தது. மகன் தினேஷின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. "மேரேஜ் செர்ட் எங்கம்மா?" என்றேன்.

"அது இல்லக்கா. கோயில்ல தாலி கட்டினோம். ஃபோட்டோ இருக்கு, வீடியோ டேப்பு கூட இருக்கு."

"ஏன் ரெஜிஸ்டர் பண்ணல?"

லெட்சுமி சுற்றி வளைக்கவில்லை. "பண்ண முடியாதுக்கா. பேப்பர்ல அவருக்கு வேற ஒருத்தவங்க இருக்காங்க. எஸ்தர்னு பேரு. இந்த வீட்டுக்கு அப்ளை பண்றப்போ கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் கொடுப்பாங்கன்னு சொன்னாங்களாம். அதுக்காக முதல்லயே ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்க. அப்புறம் கோயில்லயா, சர்ச்சுலயான்னு ரெண்டு வீட்டுக்கும் சண்டை. எல்லாம் நின்னு போச்சு. அது ரெஜிஸ்டர் மட்டும்தான். கல்யாணம் ஆகல."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நம் ஆட்கள் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம்! வீட்டுக்கடனுக்காக ஒரு நாள், ஐசி அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. மண்டபம் கிடைத்த பிறகு கல்யாணம். நடுவில் யாராவது கேட்டால் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு, "இன்னும் ஆகல ஆன்டி, ரெஜிஸ்டர்தான் முடிஞ்சிருக்கு" என்பாள். என் சொந்த அக்கா மகளே சொன்னாள். நமக்குத் தாலி ஏறினால்தான் கல்யாணம், அல்லது சர்ச்சில் சாமியார் முன்னால் மோதிரம் மாற்றினால்தான் கல்யாணம். சட்டத்துக்கு அந்தக் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. மண்டபத்தில் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது.

பாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான சமாச்சாரம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"ரோசி, அந்த எஸ்தர்தான் மனைவி. மாணிக்கத்தோட அப்பா அம்மா இல்ல. அப்படின்னா முழு வீடும் எஸ்தருக்குப் போகும்."

"பையன் இருக்கானே பாஸ்?"

"முதல் கல்யாணம் முறியாம இருக்கிறப்போ பிறந்தவன். நில அலுவலகத்துல அவனைப் பிள்ளைன்னு எடுத்துக்க மாட்டாங்க. ஹைகோர்ட்டுக்குப் போய் வாதாடலாம். அதுக்கு இந்தம்மாவால முடியுமா சொல்லு."

முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தோசை மாவு ஆட்டிப் பிழைக்கிறவள். இருந்த வழி ஒன்றுதான். எஸ்தர் மனைவி என்ற முறையில் வீட்டைத் தன் பெயருக்கு வாங்கி, பிறகு லெட்சுமிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண், கையில் விழுந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "எவளாவது கொடுப்பாளா?" என்று நினைத்துக்கொண்டேதான் எஸ்தர் இருந்த செமினிக்கு வண்டி எடுத்தேன்.

எஸ்தர் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். மாணிக்கம் இறந்த செய்தியை நான்தான் சொன்னேன். பிறகு எழுந்து போய் எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்தார், வைக்கும்போது கொஞ்சம் தட்டில் சிந்தியது.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வீடு சட்டப்படி அவருக்கே சேரும் என்பதையும் மறைக்கவில்லை. அதை மறைத்து வாங்கும் கையெழுத்து கையெழுத்தே இல்லை. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சர்ச்சுல ஒருத்தர் என்னைக் கேட்டாரு" என்றார் எஸ்தர். வீட்டைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்த எனக்கு முதலில் புரியவில்லை. "நல்ல மனுஷன். ஸ்கூல் டீச்சர். பாஸ்டர் என்கிட்ட, நீ ஃப்ரீயாம்மான்னு கேட்டாரு. நான் மாணிக்கத்தைத் தேடிப் போனேன். டிவோர்ஸ் குடுத்துடுன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. 'அது வெறும் பேப்பர்தானே லா, அதுக்குப் போயி கோர்ட்டுக்கு எவன் அலையறது'ன்னாரு. வரேன் வரேன்னு சொல்லி வரவே இல்ல."

"நீங்களே கேஸ் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். வெட்கம் ரோசி. ஊரெல்லாம் தெரிஞ்சிடும். அந்த டீச்சரும் எத்தனை நாள் காத்திருப்பாரு? ஈப்போவுக்கு மாத்தலாகிப் போனாரு, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டாரு." எஸ்தர் தட்டில் சிந்தியதைத் துணியால் துடைத்தார். "நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல. ஆனா கல்யாணம் ஆனவ."

மாணிக்கம் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் கிளாங்குக்கே போய் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"எனக்கு அந்த வீடு வேணாம்" என்றார் எஸ்தர். "எழுதிக் கொடுத்துடறேன். ஆனா ஒண்ணு. அந்த ஆபீசர் முன்னால, இவங்கதான் மனைவின்னு அந்த லெட்சுமி வாயால சொல்லணும். பேப்பர் சொல்றது போதாது. ஒரு மனுஷி சொல்லணும். ஒரே ஒரு தடவை."

வாசலில் செருப்பு மாட்டும்போது அவருடைய தம்பி வந்து சேர்ந்தார். டெங்கிலில் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போகும் வியாபாரம் அவருக்கு. விஷயம் தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க அக்காவுக்கு இன்னைக்கு வரைக்கும் சொந்த வீடு இல்ல. வாழ்க்கையையே எடுத்துக்கிட்டான். வீட்டையும் விட்டுக் கொடுக்கணுமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அக்கா கண்ணைக் காட்டியதால் அன்றைக்கு அத்தோடு விட்டார்.

நான் லெட்சுமியிடம் வந்து சொன்னேன். அவள் உடனே தலையாட்டினாள். "சொல்றேன்க்கா. வாய் வார்த்தைதானே" என்றாள். கை மட்டும் கழுத்துக்குப் போனது. "பையனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். "முதல்ல அவன்கிட்ட உட்கார்ந்து பேசு. அங்க வந்து கேட்டான்னா தாங்க மாட்டான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். விசாரணைக்கு முந்தின நாள் போன் செய்து கேட்டபோது, "சொல்லிட்டேன்க்கா" என்றாள்.

சொல்லவில்லை. இதை நான் எப்போது தெரிந்துகொண்டேன் தெரியுமா? கிளாங் நில அலுவலகத்தின் அந்த அறைக்குள், எஸ்தர் என்ற பெயரை அதிகாரி வாசித்தபோது, தினேஷ் சாதாரணமாகத் திரும்பி அம்மாவைப் பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டபோது.

தினேஷ் கெட்ட பையன் இல்லை. ஷா ஆலாமில் தொழிற்சாலை சூப்பர்வைசர். அம்மாவைக் காரில் ஏற்றி வந்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தவன். லெட்சுமி போத்தல் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எஸ்தரைப் பார்த்தான். எஸ்தரோ அவனைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அப்பன் முகத்தை அப்படியே உரித்து வைத்திருந்தான் பையன்.

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நிதானமானவர். ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "குடும்பத்துக்குள்ளே இன்னும் பேசி முடிக்கவில்லை போலிருக்கிறதே. வேண்டுமானால் தள்ளி வைக்கட்டுமா?" என்றார்.

இதோ, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

தள்ளி வைத்தால் லெட்சுமி வீட்டுக்குப் போய் மகனிடம் சொல்லலாம். அவன் கத்துவான், கதவை உடைப்பான், அழுவான், பிறகு அடங்குவான். அது நல்லது. ஆனால் எஸ்தருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். தள்ளி வைக்கிறேன் என்ற வார்த்தை வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அடுத்த தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகும். அதற்குள் தினமும் அவர் அக்காவின் காதில் ஓதுவார், அதுவும் நியாயத்தையே ஓதுவார். எஸ்தர் இறங்கி வந்திருப்பது இன்றைக்கு. நாளைக்கும் இறங்கி வருவார் என்று எந்தச் சாமி வந்து சொல்லும்? எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பையனின் மனது. இன்னொரு பக்கம் அவன் அம்மா தலைக்கு மேலே இருக்கும் கூரை.

"வேண்டாம் புவான், நடத்துங்கள்" என்று அதிகாரியிடம் சொன்னேன்.

அதிகாரி லெட்சுமியைப் பார்த்துக் கேட்டார். அந்த வீட்டில் குடியிருப்பவள் என்பதால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். "நீங்கள் இறந்தவருடைய இஸ்திரியா?"

மனைவியா என்று கேட்கிறார். சின்னக் கேள்வி. லெட்சுமி எழுந்து நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"புக்கான்" என்றாள். இல்லை என்று ஒரே சொல். பிறகு தமிழிலேயே, கையை எஸ்தர் பக்கம் நீட்டி, "அவங்கதான். அவங்கதான் அவரோட மனைவி" என்றாள். நான் அதை மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதிகாரி இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"அப்ப நான் யாரு?" என்றான் தினேஷ்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சொல்லும்மா. அப்ப நான் யாரு?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு, கார் சாவியை மேசையில் அம்மா முன்னால் வைத்துவிட்டு வெளியே போனான். லெட்சுமிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது அவனுக்கும் தெரியும். இருந்தும் வைத்துவிட்டுப் போனான்.

மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. அதிகாரி உத்தரவைப் படித்தார், எஸ்தர் கையெழுத்துப் போட்டார். வெளியே நடைபாதையில் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன் ரோசி. சொல்லிட்டா. ஆனா அவ மூஞ்சியப் பாத்தியா? நான் கேட்டிருக்கக்கூடாது" என்று அழுதார். லெட்சுமியை நான்தான் கிராப் டாக்சி பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுவதும் அந்தச் சாவியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் சொன்ன சொல் தவறவில்லை. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொல்ல மாட்டேன், பேசினார். எஸ்தர் கேட்கவில்லை. வீடு லெட்சுமியின் பெயருக்கு வந்தது. ஆபீசில் எல்லாரும் எனக்குக் கைகொடுத்தார்கள். "இந்த மாதிரி கேசை ஹைகோர்ட் பக்கமே போகாம முடிச்சிட்டியே ரோசி" என்று பாஸ் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், அன்றைக்கு ருசியாகத்தான் இருந்தது.

இன்றைக்கு அதே கேஸ் வந்து, அதே அதிகாரி தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம், நடத்துங்கள் என்றுதான் சொல்வேன். வேறு எதைச் சொன்னாலும் அவள் இன்றைக்குத் தெருவில் நின்றிருப்பாள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தப்பு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கலாம். இதற்கு யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நமக்கு, 'இறந்தவரோடு என்ன உறவு' என்பது பாரத்தில் ஒரு கட்டம். நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். எதிரே இருப்பவர்கள் அந்தக் கட்டத்துக்குள்தான் குடியிருக்கிறார்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், கேட்காமல் முடியாது. ஆனால் அறைக்குள் போகும் முன் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போங்கள். "சொல்லிட்டேன்க்கா" என்று போனில் வருவதை நம்பாதீர்கள். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கிளாங்குக்குக் கமுட்டர் ரயில் இருக்கிறது, பெட்ரோல் செலவு என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

மாணிக்கத்தின் வருஷத் திவசத்துக்கு லெட்சுமி என்னைக் கூப்பிட்டாள். எஸ்தரையும் கூப்பிட்டிருந்தாள். அவரும் செமினியிலிருந்து வந்து, கூடத்தில் சுவரோரமாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு முன்வாசலில் தோசை மேசை இல்லை, அந்த இடத்தில் செருப்புகள் கிடந்தன. தினேஷ் வந்திருந்தான். அந்த விசாரணைக்குப் பிறகு அவன் ஷா ஆலாமிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான் என்று பக்கத்து வீட்டு ஆன்டி என் காதில் சொன்னார். அப்பாவின் படத்துக்கு முன்னால் வேட்டி கட்டி உட்கார்ந்து, குருக்கள் சொன்னதையெல்லாம் செய்தான். அம்மா இருந்த பக்கம் திரும்பவில்லை.

குருக்கள் இளைஞர். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்திருப்பவர். இந்த வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. பூத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, "சம்சாரம் யாரும்மா? முன்னால வாங்க. முதல் பூ நீங்கதான் போடணும்" என்றார்.

யாரும் அசையவில்லை. சமையலறையில் சாதம் வடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எஸ்தர் முன்னால் குனிந்து, எங்களுக்கு முன்னே உட்கார்ந்திருந்த லெட்சுமியின் முதுகைத் தொட்டு, "போம்மா. உன்னைத்தான் கூப்பிடறாங்க. போ" என்றார்.

லெட்சுமி மாட்டேன் என்று தலையாட்டினாள். "இல்லக்கா. கவர்மெண்டு முன்னால ஒண்ணு சொல்லிட்டேன். சாமி முன்னால வேற ஒண்ணு சொல்ல எனக்கு வாய் வரல."

"எனக்காகச் சொன்னதும்மா அது. முடிஞ்சு போச்சு."

"சொன்னது சொன்னதுதான்க்கா."

தினேஷ் திரும்பிப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். ஏதோ சொல்வான் என்று நானும் காத்திருந்தேன், எஸ்தரும் காத்திருந்தார். அவன் மறுபடி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒன்றும் புரியாத குருக்கள் தட்டோடு அப்படியே நின்றார். "சம்சாரம் இல்லையாம்மா?" என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு பூவைத் தானே எடுத்துப் படத்துக்குப் போட்டுவிட்டு, மந்திரத்தைத் தொடர்ந்தார்.